செட்டிநாட்டுக்கு கார்ல வர்றவங்களுக்கு ஒரு உள்ளூர்க்காரன் சொல்றது

ஒவ்வொரு லீவுக்கு முன்னாடியும் எனக்கு ரெண்டு மூணு போன் வந்துரும். மாப்ள, இந்த சனி ஞாயிறு செட்டிநாடு போறோம், உங்க ஊரு தானே, என்ன பாக்கலாம் எங்க சாப்பிடலாம் ரெண்டு நிமிஷத்துல சொல்லுறாம்பாய்ங்க. ரெண்டு நிமிஷத்துல என்னத்த சொல்றது. போன தடவ ஒருத்தனுக்கு அரை மணி நேரம் தொண்டத்தண்ணி வத்த சொன்னேன், எல்லாத்துக்கும் உம் உம்னு கேட்டுட்டு மறுநாள் மத்தியானம் ஒன்றரை மணிக்கு பிள்ளையார்பட்டில போய் இறங்கி, நடை சாத்திருக்குடான்னு எனக்கே போன் பண்றான். அதான் இனிமே யாரு கேட்டாலும் அனுப்பி விட்ருவோம்னு உக்காந்து எழுதிட்டேன்.

செட்டிநாடுங்கிறது ஒரு ஊரு இல்ல. அந்த பேர்ல ரயில்வே ஸ்டேஷன் மட்டும் ஒண்ணு இருக்கு, அது கானாடுகாத்தான்ல இருக்கு. சிவகங்கை மாவட்டத்துலயும் புதுக்கோட்டை மாவட்டத்துலயும் பரவிக் கிடக்குற ஊருக மொத்தமும் சேந்துதான் செட்டிநாடு, ஒரு காலத்துல 96 ஊருன்னு சொல்லுவாங்க, இப்ப எழுபத்தி சொச்சம்தான். அதனால எல்லாத்தையும் பாத்துருவோம்னு கெளம்பாதீங்க. காரைக்குடில ரூம் போட்டுக்கங்க, நான் சொல்லப்போற இடம் முக்கால்வாசி அங்கேருந்து 25 கிலோமீட்டருக்குள்ள வந்துரும். ரெண்டு நாள் போதும், ஆனா அந்த ரெண்டு நாளையும் வயித்துக்கும் கோயில் நடைக்கும் தோதா பிரிச்சுக்கணும். காலையில டிபன், கோயில். மத்தியானம் சாப்பிட்டு ஃபேனுக்கு கீழ கவுந்தடிச்சு தூக்கம். சாயங்காலம் பலகாரம், அப்புறம் வீடு, தெரு, கடை. இந்த ஊரே மத்தியானம் தூங்குற ஊரு, அந்த நேரத்துல கார எடுத்துக்கிட்டு சுத்துனா பூட்டுன கதவையும் வெயிலையும் தவிர ஒண்ணும் பாக்க மாட்டீங்க.

எப்ப வரலாம்? மார்கழி தை மாசி நல்லாருக்கும். சித்திரை வைகாசில வந்தா உங்க பாடு. மாசி பங்குனில காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா, பால்குடம் எடுக்குற அன்னைக்கு ஊருக்குள்ள கார் ஓட்டணும்னு நெனைக்கவே நெனைக்காதீங்க. ஜனவரி 1ம் சங்கடஹர சதுர்த்தியும் பிள்ளையார்பட்டி கூட்டம் நெரியும். இன்னொண்ணு, வர்ற தேதி முகூர்த்த நாளான்னு காலண்டர்ல பாத்துருங்க. வெளியூர்ல வெளிநாட்டுல இருக்குற செட்டியார் குடும்பமெல்லாம் கல்யாணத்துக்கு சொந்த ஊரு வீட்டுக்குத்தான் வருவாங்க, அன்னைக்கு ரூம் கெடைக்காது, நல்ல சமையக்காரரும் கெடைக்க மாட்டாரு, அவரு அங்க இருப்பாரு.

சென்னைலேருந்து வர்றவங்க விடியக்காலம் நாலரை அஞ்சுக்கு கெளம்பிருங்க, நானூறு கிலோமீட்டருக்கு மேல இருக்கு, திருச்சி வந்து புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி. பாஸ்டாக்ல காசு இருக்கான்னு மொத நாளே பாத்துக்கங்க, எங்க மாமா ஒருத்தரு ஒவ்வொரு டோல்லயும் இறங்கி சண்ட போட்டுக்கிட்டே வருவாரு, அவரோட வந்தா எப்ப வந்து சேருவோம்னு சொல்ல முடியாது. கார் வேணாம்னா எழும்பூர்ல சாயங்காலம் பல்லவன் ரயில் ஏறுனா ராத்திரி காரைக்குடி, இங்க வந்து டாக்ஸி பேசிக்கலாம், உண்மைய சொன்னா எனக்கு அதுதான் பிடிக்கும், ஓட்டுறவனுக்கும் தூங்க கெடைக்குமே. மதுரைலேருந்துன்னா மேலூர், திருப்பத்தூர் வழி, ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்துரலாம். இது சிவகங்கை மாவட்ட திருப்பத்தூர், மேப்ல வேற திருப்பத்தூர அமுக்கிட்டு ஜோலார்பேட்டை பக்கம் போயிராதீங்க, சிரிக்காதீங்க, நடந்துருக்கு.

சென்னை வழில வர்றவங்க திருமயத்துல கட்டாயம் நிறுத்துங்க. ரோட்டுலேருந்தே கோட்டை தெரியும், சேதுபதிக 1687ல கட்டுனது, மேல ஏறுனா பீரங்கி இருக்கும் காத்து பிச்சுக்கும். கீழ ஒரே பாறைய கொடைஞ்சு பெருமாளுக்கு ஒரு கோயில் சிவனுக்கு ஒரு கோயில் பக்கத்துல பக்கத்துல. பெருமாள் பேரு சத்தியமூர்த்தி. தீரர் சத்தியமூர்த்தி பொறந்ததும் இந்த ஊருதான், 1887ல. சென்னைக்காரய்ங்க குடிக்கிற பூண்டி ஏரிக்கு சத்தியமூர்த்தி சாகர்னு பேரு இருக்குல்ல, அந்த சத்தியமூர்த்திதான். நான் சொன்னா எவனும் நம்ப மாட்றான், ஏதோ எங்க ஊரு பெருமைக்கு அடிச்சு விடுறேன்னு நெனைக்கிறாய்ங்க. மதுரை வழில வர்றவங்க திருப்பத்தூர்ல மருதுபாண்டியர் நினைவிடத்த பாத்துட்டு வாங்க, 1801 அக்டோபர் 24ந் தேதி அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் தூக்குல போட்டது அங்கதான்.

என்ன வண்டி எடுத்துட்டு வரலாம்னு கேக்குறாய்ங்க. சின்ன வண்டியே சொகம். தெருவெல்லாம் கோடு போட்ட மாதிரி நேரா இருக்கும், ஆனா ஊரணிக்கரை பக்கம் திரும்புனா மண் ரோடு, தாழ்வா இருக்குற காரா இருந்தா அடி தட்டும். எட்டு பேரு ஏறுற பெரிய வண்டில வந்தா நிறுத்த எடம் தேடியே பாதி நேரம் போயிரும். எங்க பெரியப்பா அம்பாசடர் வச்சிருந்தாரு, அது பாட்டுக்கு எந்த குழிலயும் இறங்கி ஏறும், கார் தயாரிக்கிறத 2014லயே நிறுத்திட்டாங்கன்னு சொன்னப்ப வீட்டுல ஏதோ துக்கம் மாதிரி ரெண்டு நாள் பேசாம இருந்தாரு. அந்த வண்டியதான் நான் ரிவர்ஸ் எடுக்குறேன்னு ஒரு வீட்டு வாசக்கல்லுல இடிச்சேன். கல்லுக்கு ஒண்ணும் ஆகல. பம்பரப் பத்தி கேக்காதீங்க.

மேப் விஷயத்துல ஒண்ணு. இங்க பெரிய வீடெல்லாம் ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும், முன்வாசல் ஒரு தெரு பின்வாசல் இன்னொரு தெரு. மேப் உங்கள நேக்கா பின்வாசல்ல கொண்டு போய் விட்டுட்டு வந்து சேந்துட்டீங்கன்னு சொல்லும், நீங்க ஒரு நீளமான சுவத்த பாத்துக்கிட்டு நிப்பீங்க. பேசாம கண்ணாடிய இறக்கி திண்ணைல உக்காந்துருக்குறவர்ட்ட, அண்ணே இந்த வீட்டு முகப்பு எந்தப் பக்கம்னு கேளுங்க. முகப்புங்கிற வார்த்தைய சொன்னாலே பாதி மரியாதை கெடைக்கும்.

வீடு பாக்குறதுக்கு வருவோம். கானாடுகாத்தான்ல அரண்மனை இருக்கு, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் வீடு, அண்ணாமலை பல்கலைக்கழகத்த ஆரம்பிச்சவரு. உள்ள முழுசா சுத்திக் காட்டுவாங்கன்னு நம்பிப் போய் ஏமாந்துறாதீங்க, வெளியேருந்து பாக்குறதே பெரிய விஷயம். உள்ள போய் பாக்கணும்னா ஆத்தங்குடி பெரிய வீட்டுக்கு போங்க, கொஞ்சமா காசு வாங்கிக்கிட்டு விடுவாங்க. முகப்பு, அப்புறம் வளவு, அதாவது நடு முற்றம், அப்புறம் ரெண்டாங்கட்டு, அதுக்கும் பின்னால அடுப்படின்னு ரயில் பெட்டி மாதிரி போய்க்கிட்டே இருக்கும். வளவ சுத்தி வரிசையா சின்ன சின்ன அறை, கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் ஒண்ணு. எல்லாரும் அந்த ஒரு அறைல சாமான வச்சுக்கிட்டு தனித்தனியா சமைச்சுக்கிட்டு ஆனா ஒரே வீட்டுல இருந்துருக்காங்க, இப்ப ரெண்டு பேரு ஒரு பிளாட்டுல இருக்க முடியாம அடிச்சுக்கிறோம். தூணு பர்மா தேக்கு, தரை இத்தாலி மார்பிள், கண்ணாடி பெல்ஜியம். கொண்டுவிக்கப் போறதுன்னு சொல்லுவாங்க, பர்மா மலேயா இலங்கைன்னு போய் வட்டிக்கடை வச்சு சம்பாதிச்ச காசு. சுவத்த மட்டும் மெதுவா தொட்டுப் பாருங்க, சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கரு சேத்து தேச்சு எழச்சது, இந்த வெயில்லயும் ஜில்லுன்னு வழுவழுன்னு இருக்கும்.

மத்த வீடுக அப்படி இல்ல. பூட்டிக் கெடக்கும், ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளி, ஒருத்தரு சிங்கப்பூர்ல ஒருத்தரு கோயம்புத்தூர்ல, சாவி ஒரு ஆச்சிட்ட இருக்கும். ஆச்சி, வீட்ட பாத்துட்டு போலாமான்னு கேளுங்க, சரின்னா செருப்ப வாசல்லயே கழட்டிட்டு போங்க, வேணாம்னா சரி ஆச்சின்னு வந்துருங்க. சாமி அறைல போன நீட்டாதீங்க. ஒரு தடவ ஒரு கூட்டம் கல்யாண போட்டோ எடுக்குறோம்னு திண்ணைல ஷூவோட ஏறி நின்னு புகை விட்டுக்கிட்டு இருந்தாய்ங்க, அந்த ஆச்சி கதவ சாத்துனவங்கதான், அதுக்கப்புறம் நான் கூட்டிட்டுப் போனவங்களுக்கும் தொறக்கல.

ஆத்தங்குடி வரைக்கும் வந்தாச்சுன்னா டைல்ஸ் செய்யிற பட்டறைய பாக்காம போகக்கூடாது. ஒரு கண்ணாடிய அடியில வச்சு சட்டம் கட்டி, டிசைன் அச்சு வச்சு அதுக்குள்ள கலர் சிமெண்ட ஊத்துவாங்க, கையி அசையாது. அச்ச எடுத்துட்டு மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, அப்புறம் தண்ணில ஊறப்போட்டு காயவச்சா, கண்ணாடி தானா கழண்டு வரும், அந்த பளபளப்பு கண்ணாடி குடுத்ததுதான், தீயே கெடையாது. ஆசப்பட்டு வாங்குறவங்க வீட்டுக்கு லாரில போட சொல்லுங்க. ஐம்பது கல்ல டிக்கில ஏத்துனா வண்டி பின்னால உக்காந்துக்கும், ஹெட்லைட் வானத்த பாக்கும்.

இப்ப முக்கியமான விஷயம், சாப்பாடு. வர்றவய்ங்க எல்லாம் இறங்குன உடனே கேக்குறது சிக்கன் செட்டிநாடு. எங்க வீட்டுல எந்த குழம்புக்கும் அப்படி ஒரு பேரு இல்ல. கோழிக்குழம்பு, கோழி பிரட்டல், கோழி ரசம், உப்புக்கறி, இப்படித்தான். காரம் காரம்னு ஊரு முழுக்க ஒரு கத கட்டி விட்டாய்ங்க, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி செவக்க செவக்க ஊத்துனா அது செட்டிநாடுன்னு. நல்ல கையில மிளகும் சோம்பும் கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்னாசிப்பூவும் மூக்குக்குத்தான் மொதல்ல வரும், நாக்குக்கு அப்புறம். அம்மியில அரைச்ச மசாலாவான்னு கேட்டுப் பாருங்க, ஆமான்னு சொல்றவங்க அடுப்படிய காட்டுவாங்க, காட்ட மாட்டேன்னு மழுப்புனா பொடிதான்.

நான் சொல்றது என்னன்னா கறிய ஒரு வேளைக்கு வச்சுக்கங்க, மத்த வேளைய டிபனுக்கும் பலகாரத்துக்கும் குடுங்க. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், மசாலா சீயம், கல்கண்டு வடை, பால் பணியாரம், ரங்கூன் புட்டு, இதெல்லாம் உங்க ஊரு செட்டிநாடு ஹோட்டல்ல மெனுலயே இருக்காது. கவுனி அரிசின்னு ஒண்ணு, கருப்பா இருக்கும், பர்மாலேருந்து வந்தது, ராத்திரி பூரா ஊறப்போட்டு வேகவச்சு சீனி தேங்கா நெய் போட்டு குடுப்பாங்க, மொத வாய்க்கு என்னடா இதுன்னு இருக்கும், மூணாவது வாய்க்கு கிண்ணத்த நகத்த விட மாட்டீங்க. மத்தியான சாப்பாட்டுல மண்டி இருக்கான்னு கேளுங்க. அரிசி களைஞ்ச தண்ணில புளியக் கரைச்சு வெண்டைக்காயோ மாங்காயோ போட்டு வைக்கிறது, ஒண்ணுமில்லாத சாமான்ல செய்யிறதுதான் ஆனா கறிக்கொழம்ப ஓரம் கட்டிரும். ஆடி மாசம் வந்தா கும்மாயம் கெடைக்கும், உளுந்து பாசிப்பருப்பு வறுத்து அரைச்ச மாவுல கருப்பட்டியும் நெய்யும் போட்டு கிண்டுறது, ஒரு உருண்டைக்கு மேல சாப்டா கார் சீட்ட பின்னால தள்ளி வைக்கணும்.

எங்க சாப்பிடலாம்? பழைய வீட்ட ஹோட்டலாக்கி வச்சிருக்குறவங்க வாழை இலை போட்டு நல்லா போடுவாங்க, ஆனா மொத நாளே எத்தன பேருன்னு சொல்லணும், நேரா போய் நின்னா கெடைக்காது. சின்ன மெஸ்ஸுன்னா பன்னெண்டரைக்கே உக்காந்துருங்க, ரெண்டு மணிக்கு போனா மிச்சம் மீதிதான். சாயங்காலம் பலகாரக் கடைல நாலரைக்கு எண்ணெய் காயும், அப்ப போய் நில்லுங்க.

வெள்ளைப் பணியாரம் பிடிச்சுப்போய் வீட்டுல செய்யணும்னு எல்லாரும் கேப்பாங்க, அதனால எங்க அப்பத்தா கணக்க சொல்லிடறேன். பச்சரிசி ஒரு டம்ளர் தலை தட்டி எடுக்கணும், அதுமேல உளுந்த கோபுரமா குமிக்கணும், எவ்வளவு நிக்குதோ அதுதான் அளவு, அரைக்கால் கால்னு கேட்டா அப்பத்தாவுக்கு கோவம் வரும். ரெண்டு மணி நேரம் ஊறட்டும். வெண்ணெ மாதிரி அரைச்சு உப்பு, ஒரு சிட்டிகை சீனி, கொஞ்சம் காய்ச்சி ஆறுன பால் ஊத்தி கரைச்சுக்கங்க, புளிக்கவே விடக்கூடாது, அரைச்ச கையோட ஊத்தணும். குழிப்பணியாரச் சட்டிய எடுத்துறாதீங்க, இது குழில ஊத்துறது இல்ல, எண்ணெய்ல ஊத்துறது. சின்ன வாணலி, மிதமான சூடு, ஒரு கரண்டி மாவ நடுவுல ஒரே ஊத்தா ஊத்துங்க. அதுவா மேல எழும்பி வரும், மேல லேசா எண்ணெய தள்ளி விட்டு, திருப்பிப் போட்டு, வெள்ளையா இருக்கும்போதே எடுத்துரணும். செவந்துச்சுன்னா சூடு அதிகம். எண்ணெய் குடிச்சா மாவு தண்ணி, ஒரு கை பச்சரிசி மாவு தூவிக்கங்க. ஒவ்வொண்ணாத்தான் ஊத்தணும், ரெண்டு ஊத்துனா ஒட்டிக்கும், அதனால செய்யிறவங்களுக்கு கடைசியாத்தான் சாப்பாடு. தொட்டுக்க வரமிளகா தக்காளி பூண்டு அரைச்ச காரச் சட்னி, தேங்காச் சட்னி வச்சா அப்பத்தா எந்திரிச்சு போயிரும்.

ரெண்டாம் நாள் காலைல பிள்ளையார்பட்டி, குன்றக்குடி ரெண்டும் ஒரே ரோட்டுல. பிள்ளையார்பட்டில பாறையிலயே செதுக்குன பிள்ளையாரு, நாலு கை இல்ல ரெண்டே கை, தும்பிக்கை வலது பக்கம் திரும்பிருக்கும், உள்ள இருட்டா இருக்கும் நின்னு கண்ணு பழகுனப்புறம் பாருங்க. நகரத்தாரோட, அதாவது இந்த ஊரு செட்டியார்களோட, ஒன்பது கோயில்ல இது ஒண்ணு, நேரமிருந்தா வைரவன்பட்டியும் இளையாத்தங்குடியும் பாருங்க, கூட்டமே இருக்காது. பக்கத்துல சிராவயல், மஞ்சுவிரட்டுக்கு பேரு போன ஊரு, பின்னால கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவா அங்க ஆசிரமம் நடத்திக்கிட்டிருந்தப்ப காந்தி வந்து பாத்துட்டுப் போனது 1927ல.

கார்ல வயசானவங்க யாராச்சும் வந்தா பேச்சுக்கு பஞ்சமிருக்காது, ஒவ்வொரு பத்து கிலோமீட்டருக்கும் ஒரு பெரிய மனுசன் வந்துருவாரு. எங்க மாமா ஸ்டார்ட் பண்ணுனா, மாப்ள அந்தா சிறுகூடல்பட்டி போற ரோடு, கண்ணதாசன் ஊரு, முத்தையான்னு பேருன்னு ஆரம்பிச்சு ஏவிஎம் செட்டியாரு காரைக்குடிலதான்டா ஸ்டுடியோ வச்சிருந்தாருன்னு போய், ஐஓபி பேங்க் 1937ல காரைக்குடி சென்னை ரங்கூன்னு ஒரே நாள்ல தொறந்தாங்கன்னு முடிப்பாரு. அவரு சொல்றதுல நான் கார நிறுத்தி கேட்டது வள்ளல் அழகப்பச் செட்டியார் கதைய மட்டும்தான். கோட்டையூர்க்காரரு, 1909ல பொறந்தவரு. காரைக்குடிக்கு மத்திய ஆராய்ச்சி நிலையம் வேணும்னு 300 ஏக்கர் நெலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்தாரு, 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டுனாரு, அதுதான் செக்ரி. காலேஜு காலேஜா கட்டுனாரு, பொம்பளப் பிள்ளைக காலேஜுக்கு எடம் வேணும்னப்ப தான் குடியிருந்த வீட்டையே குடுத்துட்டாரு. 1957ல போயிட்டாரு, 48 வயசு முடியிறதுக்கு ஒரு நா இருக்கும்போது. எங்க தெருவுல மொத டிகிரி வாங்குனவங்க எல்லாம் அந்த காலேஜுல படிச்சவங்க, எங்க அம்மாவும் சேத்து. கல்லூரிச் சாலைல போகும்போது கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க, பிள்ளைக கிராஸ் பண்ணுவாங்க.

ஊருக்குள்ள சா. கணேசன் எழுப்புன தமிழ்த்தாய் கோயிலும் கம்பன் மணிமண்டபமும் ஒண்ணா இருக்கு, அவரு 1939ல ஆரம்பிச்ச கம்பன் கழகம் வருஷா வருஷம் விழா நடத்துது, அந்த நேரத்துல வந்தீங்கன்னா உக்காந்து ஒரு பேச்சு கேளுங்க, ஏசி காரவிட சொகமா இருக்கும்.

வாங்குறதுன்னா முனீஸ்வரன் கோயில் தெருல பழைய சாமான் கடைக இருக்கு, இரும்புல எனாமல் பூசுன சட்டி, பித்தளை, மரக்கதவு, பழைய போட்டோ. சொன்ன விலையில பாதில ஆரம்பிங்க, ரெண்டு கடை பாத்துட்டு மொத கடைக்கே வாங்க. எல்லாமே நூறு வருஷப் பழசுன்னுதான் சொல்லுவாங்க, போன வருஷம் செஞ்சதும் அதுல இருக்கும், பிடிச்சிருந்தா வாங்குங்க, பழசுன்னு வாங்காதீங்க. கண்டாங்கி சேலை வாங்குனா தறி போட்டவங்க வீட்டுலயே கேட்டு வாங்குங்க. பனையோலைக் கொட்டான், அதாவது கூடை, லேசா இருக்கும், எத்தன வேணா வாங்கலாம்.

கடைசியா பலகாரம். மனகோலம், சீப்புச்சீடை, தேன்குழல், மாவுருண்டை இதெல்லாம் நாள் தாங்கும், டின்னுல போட்டு கேளுங்க. அதிரசம் நாலு நாளைக்கு ஒண்ணும் ஆகாது. பணியாரம் கட்டிட்டுப் போறேன்னு சொல்லாதீங்க, புதுக்கோட்டை வர்றதுக்குள்ள ரப்பராயிரும். டின்ன டிக்கில வெயில் படாத பக்கம், டைல்ஸ் சாம்பிள் மேல வராம வைங்க, எங்க மாமா ஒரு தடவ கல்லுக்கு கீழ வச்சு சென்னைல இறக்கி தொறந்து பாத்தா சீப்புச்சீடை அத்தனையும் மாவு. அத்தை அத வீணாக்கல, பாலூத்தி சீனி போட்டு குடுத்தாங்க, நல்லாத்தான் இருந்துச்சு.